போர்டு போகலை, லீவர்தான் இறங்கலை

கோவில்பட்டி என்றதும் எல்லோருக்கும் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும். (கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, இனி கேட்கவா வேண்டும்!) ஆனால் இந்தக் கரிசல் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது கடகடவென்று சத்தம் கேட்கும் இன்னொரு தொழில் உண்டு. தையல். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் கஞ்சிக்கு வழி தீப்பெட்டி ஆபீஸ், இல்லாவிட்டால் மிதி மெஷின். ஓட்டப்பிடாரம் பக்கம் புதியம்புத்தூருக்குப் போனால் ஊரே ரெடிமேட் துணி தைக்கிறது. தீபாவளி சீசனில் அங்கே வெட்டித் தள்ளும் துண்டுத் துணிகளைப் பார்க்கிற யாருக்கும் "இதை வைத்து ஏதாவது செய்யலாமே" என்றுதான் தோன்றும்.

அப்படித் தோன்றியவர்களில் சிலர் குவில்ட் பக்கம் வருகிறார்கள். பெயர் புதுசாக இருந்தாலும் விஷயம் பழசு. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுத் தைக்கும் விரிப்பு எல்லா ஊரிலும் இருந்ததுதான். வங்காளத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி. கர்நாடகாவில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவாண்டை வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட். அந்தத் தையலே வளைந்து நெளிந்து பூவும் கொடியுமாக ஓடினால், அதற்குப் பெயர் ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இதற்காக மகளிர் குழுவில் லோன் போட்டு, ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் தையல் மெஷின் வாங்குகிறார் ஒரு தையல்கார அக்கா என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஊரில் பொழுதுபோக்குக்காக வாங்கி அலுத்துப்போனவர்கள் விற்பது, வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டு வருவது என்று இந்த மாதிரி மெஷின்கள் கைமாறுகின்றன. பெட்டி இருக்காது. புத்தகம் இருக்காது. வீட்டுக்கு வந்து சாதாரணத் தையல் போட்டால் அழகாக ஓடும். ஃப்ரீ மோஷன் ஆரம்பித்த அரை நிமிஷத்தில் துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். ஸ்கிரீனில் ஏதோ ஒரு எழுத்தும் எண்ணும் மின்னும், கீ கீ என்று கத்தும். மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனால் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு பதில் வரும்: "போர்டு போயிருச்சும்மா."

எல்லா மெக்கானிக்கும் அப்படி இல்லை. ஆனால் மிதி மெஷினில் கை தேர்ந்தவர்கள்கூட ஸ்கிரீனைப் பார்த்ததும் தன் அறிவைக் கழற்றி வைத்துவிட்டு "இது கம்ப்யூட்டர் சமாச்சாரம்" என்று ஒதுங்குவதுதான் வருத்தமான விஷயம். ஏனென்றால் ஃப்ரீ மோஷனில் கம்ப்யூட்டருக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை!

ஒரு கம்ப்யூட்டர் மெஷினில் கம்ப்யூட்டர் என்னதான் செய்கிறது? ஜப்பானின் ஜனோமி கம்பெனி 1979-ல் மெமரி 7 என்று ஒரு மாடலை விட்டது. அதிலிருந்து இன்று வரை முக்கியமான வேலைகள் இரண்டுதான். ஊசியை இடம் வலமாக எவ்வளவு ஆட்டுவது, துணியை எவ்வளவு தள்ளுவது. இந்த இரண்டையும் கணக்காகச் செய்தால் ஜிக்ஜாக், பூ, இலை, எழுத்து எல்லாம் வரும். ஃப்ரீ மோஷனில் துணியைத் தள்ளும் பல்லைக் கீழே இறக்கிவிடுகிறோம். ஊசியும் நேர்தையலில்தான் ஓடுகிறது. ஆக இரண்டு வேலையும் போச்சு. மிச்சம் இருப்பது ஒரு மோட்டார், ஒரு ஊசி, ஒரு பாபின், இரண்டு நூல், நூலை இறுக்கும் இரண்டு தட்டு. சில விலை கூடின மாடல்களில் நூல் இறுக்கத்தையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்பது உண்மை. பெர்னினாவின் பி.எஸ்.ஆர். என்ற ஃபுட் துணி நகரும் வேகத்தைக் கண்டுபிடித்து ஊசி வேகத்தையே மாற்றும் என்பதும் உண்மை. அதெல்லாம் கைமாறி நம் பக்கம் வந்து சேரும் ரகம் இல்லை.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கோலப்பொடி பிடித்த கை அசையாமல் ஒரே இடத்தில் நிற்க, வாசலை நகர்த்திக் கோலம் போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் இது. ஊசி ஒரே இடத்தில் மேலும் கீழும் குத்திக்கொண்டே இருக்கும். துணியை நகர்த்துவது இரண்டு கையும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தை இங்கே யாருக்கும் புதுசு இல்லை. தையல் கிளாஸில் மெஷின் எம்ப்ராய்டரி படித்த எந்தப் பெண்ணும் இதைத்தான் செய்திருக்கிறார். மிதி மெஷினில் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, பல்லை இறக்கி (அல்லது ஒரு தகட்டை வைத்து மூடி), துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் மிதித்தபடி கையால் பூப்போடுவது. சிங்கர் கம்பெனி 1911-லேயே இதற்கென்று தனிப் பாடப்புத்தகம் போட்டிருக்கிறது. அமெரிக்காவில் குவில்ட் என்றால் கைத்தையல்தான் உசத்தி, மெஷின் மட்டம் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1989-ல் கென்டக்கி மாநிலம் படூக்காவில் நடந்த போட்டியில் கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் தைத்த ஒரு குவில்ட் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போன பிறகுதான் அந்தப் பேச்சு அடங்க ஆரம்பித்தது. நம் ஊர் எம்ப்ராய்டரி டீச்சர்களிடம் யாரும் அப்படி ஒரு போட்டி நடப்பதாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான் :-)

அந்த எம்ப்ராய்டரி டீச்சரைக் கூப்பிட்டு அந்தக் குருவிக்கூட்டைக் காட்டினால் முதல் கேள்வியாக எதைக் கேட்பார்? "லீவரை இறக்கினியா?"

ஃபுட்டைத் தூக்கி இறக்கும் லீவர் ஃபுட்டுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. அதைத் தூக்கினால் மேல்நூலைப் பிடிக்கும் தட்டுகள் விலகிவிடும். இறக்கினால் தட்டுகள் நூலை அழுத்திப் பிடிக்கும். அதனால்தான் ஃபுட்டே இல்லாமல் எம்ப்ராய்டரி போட்டாலும் லீவரைக் கண்டிப்பாக இறக்க வேண்டும். குவில்ட்டிங்குக்கு மாட்டும் டார்னிங் ஃபுட்டோ ஸ்பிரிங் வைத்தது. இறங்கியிருந்தாலும் துணிக்கு மேலே கொஞ்சம் தூக்கினாற்போலத் தொங்கும். பார்ப்பவருக்கு லீவர் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றே தெரியாது. பஞ்சு வைத்த கனமான துணியை உள்ளே தள்ளும் அவசரத்தில் இறக்க மறந்துவிட்டால் மேல்நூலுக்குப் பிடிமானமே இல்லை, எல்லாம் அடியில் போய்க் குவியும். நிறைய கம்ப்யூட்டர் மெஷின்களில் லீவர் மேலே இருந்தால் ஓடவே விடாமல் கத்தும். அந்தக் கத்தலைத்தான் "எரர் வருது, போர்டு போச்சு" என்கிறார்கள்!

இதற்கு நேர் எதிரான இன்னொன்றும் உண்டு. நூல் கோர்க்கும்போது லீவர் மேலே இருக்க வேண்டும். இறக்கி வைத்துக்கொண்டு கோர்த்தால் மூடின தட்டுக்கு நடுவே நூல் போகாமல் மேலேயே சறுக்கி நிற்கும். மிதி மெஷினில் தட்டு வெளியே கண்ணுக்குத் தெரியும், தப்பு நடந்தால் அப்போதே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் மெஷினில் அது பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. கோர்க்கும்போது மேலே, தைக்கும்போது கீழே. இதைச் சரி பார்த்தாலே பாதி குருவிக்கூடு கலைந்துவிடும்.

அடியில் நூல் குவிந்தால் கோளாறு அடியில் இருக்கிறது என்று நினைப்பது இயற்கை. உடனே பாபின் கேஸ் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிப்பார்கள். அது தப்பு. அடியில் மேல்நூல் தொங்கினால் வியாதி மேலே. மேல்பக்கம் பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஒன்று மேல்நூல் ரொம்ப இறுக்கம், இல்லை பாபின் தளர்ச்சி, அல்லது பாபின் நூல் அதற்குரிய பட்டைக்குள் போய் உட்காரவே இல்லை. இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி, மேலே சிவப்பு நூல், அடியில் வெள்ளை நூல் போட்டு ஒரு துண்டுத் துணியில் வட்டம் வட்டமாக ஓட்டிப் பார்ப்பது. எந்த நிறம் எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது என்று பார்த்தால் போதும். பிறகு டென்ஷன் எண்ணை அரை அரையாக மாற்றினால் சரி. பல வீட்டு மெஷின்களில் சாதாரணத் தையலுக்கு 4-ஐ ஒட்டி இருக்கும், ஃப்ரீ மோஷனுக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டி வரலாம். ஒரேயடியாக 4-லிருந்து 9-க்குத் தாவுகிறவர்களுக்குத்தான் நூல் பட் பட் என்று அறும்.

இன்னொரு கோளாறு, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆர்டரைக் கெடுத்துவிடும். நேர்கோட்டில் தையல் ஒழுங்காக இருக்கும். வளைவு வந்ததும் அடிப்பக்கம் கண்ணிமை முடி மாதிரி நூல் நூலாக நீட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு எந்த மெனுவிலும் மருந்து இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும். மெஷின் நிமிஷத்துக்கு 600 தையல் குத்துகிறது என்றால் வினாடிக்கு 10. ஒரு தையல் 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமானால் கை வினாடிக்கு 25 மில்லிமீட்டர், அதாவது சுமார் ஓர் அங்குலம், நகர வேண்டும். வளைவில் யாராக இருந்தாலும் கை தன்னையறியாமல் வேகம் எடுக்கும். இரண்டு மடங்கு வேகம் போனால் தையல் 5 மில்லிமீட்டர் ஆகிவிடும், வளைவின் உள்பக்கமாக நூல் இழுபட்டு இமைமுடி வந்துவிடும். ஸ்கிரீனில் தையல் நீளம் 2.5 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அதை நம்பி ஒரு பிரயோசனமும் இல்லை. பல் இறங்கிய பிறகு அந்த எண் சும்மா அலங்காரம்.

மிதி மெஷின்காரர்களுக்கு இந்தப் பிரச்சனை ஏன் குறைவு? கை வேகமாகப் போனால் காலும் வேகமாக மிதிக்கும். இரண்டும் ஒரே உடம்பு அல்லவா! கம்ப்யூட்டர் மெஷினில் பச்சை பட்டனை அமுக்கினால் ஊசி ஒரே வேகத்தில் ஓடும், கை மட்டும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பழகியவர்களுக்கு அது சௌகரியம். மிதித்துப் பழகியவர் வேகத் தள்ளுவானை நடுவில் வைத்துவிட்டு, பட்டனை மறந்து பெடலை மாட்டிக்கொள்வதுதான் நல்லது. இருபது வருஷமாகக் காலில் இருக்கும் அறிவை ஒரு பட்டனுக்காக எதற்கு விட வேண்டும்? ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பல மாடல்களில் பெடல் மாட்டியிருந்தால் பட்டன் வேலை செய்யாது. கம்பெனியே அப்படித்தான் செய்திருக்கிறது. "பட்டன் அவுட்டு" என்று இதற்கும் போர்டைக் காட்டிப் பணம் கேட்டால் ஏமாறக் கூடாது.

மிதி மெஷின் அறிவு காலை வாரும் இடங்களும் இருக்கின்றன, மறைப்பானேன். மிதி மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் பக்கவாட்டில் போகும். மேலிருந்து பாபின் போடும் வீட்டு மெஷின்களில் அது பின்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் தையலே விழாது. பழைய மெஷினின் இரும்பு பாபின் பார்க்க ஒரே அளவு மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் பாபின் கேட்கும் மெஷினில் அதைப் போட்டால் கேஸ் தேயும், நூல் இழுவையும் கெடும். அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு, அது நாளடைவில் பிசினாகிவிடும். கம்ப்யூட்டர் மெஷின்களில் பலவற்றுக்கு வீட்டில் எண்ணெய் விடவே வேண்டாம் என்றுதான் புத்தகத்தில் இருக்கும். புத்தகம் இல்லாவிட்டால் மாடல் நம்பரை வைத்து நெட்டில் தேடினால் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்ற வேண்டும். குவில்ட்டுக்கு 90/14 நல்ல ஆரம்பம் (90 என்றால் ஊசியின் கனம் 0.9 மில்லிமீட்டர்). புது ஊசிக்கும் சரியாகவில்லை என்றால் துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். துணி எழும்பினால் ஊசிக்குப் பின்னால் உருவாகும் நூல் கண்ணி ஒழுங்காக விரியாது, கீழே சுற்றும் கொக்கிக்கு அது சிக்காது. ஃபுட் கொஞ்சம் தாழ வேண்டும், அல்லது கையால் துணியைத் தட்டையாக அழுத்திப் பிடிக்க வேண்டும். எம்ப்ராய்டரிக்கு வளையம் மாட்டுவதே இதற்காகத்தான். செகண்ட் ஹேண்ட் மெஷினில் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் ஊசி ஒடித்திருந்தால் பிளாஸ்டிக் பாபின் கேஸில் குத்திய தழும்பு இருக்கும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தத் தழும்பில் நூல் மாட்டி மாட்டி அறும். கேஸை மட்டும் மாற்றினால் போதும்.

பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கரிசல் மண். கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கருங்கண்ணி வகைப் பருத்தியில் அது வெளியிட்ட ரகங்களுக்குக் கே என்ற எழுத்தில்தான் பெயர். கருங்கண்ணி குட்டை இழை, நைஸ் நூலுக்கு ஆகாது. மெத்தைக்கும் குவில்ட்டுக்கும் குட்டை இழை ஒரு குறையே இல்லை! ஆனால் கையால் பரப்பிய பஞ்சு உள்ளே நகர்ந்து கட்டி கட்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையலாவது ஓடினால்தான் துவைத்த பிறகும் நிற்கும். கடையில் விரிப்பாக விற்கும் அழுத்தின பஞ்சுக்கு இந்தக் கவலை குறைவு. உதிரிப் பஞ்சில் விதைத்துணுக்கு இருந்தால் ஊசி முனை மழுங்கும், தூசு பாபினுக்கடியில் போய் அடைக்கும். ஒவ்வொரு குவில்ட்டுக்கும் ஒரு முறையாவது தட்டைக் கழற்றிப் பிரஷ்ஷால் துடைக்காவிட்டால் எந்த டென்ஷன் எண்ணும் நிலையாக நிற்காது. வாயால் ஊதக் கூடாது. தூசு இன்னும் உள்ளேதான் போகும்.

இப்போது அந்த "போர்டு போச்சு" தீர்ப்புக்கு வருவோம். இதைச் சோதிக்க மெக்கானிக்கே வேண்டாம். பல்லை மேலே ஏற்றி, சாதாரண ஃபுட் மாட்டி, இரண்டு மடிப்புக் காட்டன் துணியில் நேர்தையலும் ஜிக்ஜாக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். (பல் உடனே எழும்பாது, கைச்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் எழும்பும்.) இரண்டும் ஒழுங்காக விழுந்தால் போர்டு பிழைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதிகமாக வேலை செய்யும் தையலே சரியாக வரும்போது, அதற்கு வேலையே இல்லாத தையல் கெடுவதற்கு அதுவா காரணமாக இருக்க முடியும்? ஜிக்ஜாக் கோணல்மாணலாகப் போனாலோ, ஸ்கிரீனே வரவில்லை என்றாலோ போர்டைப் பற்றிப் பேசலாம்.

அப்போதும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பேச்சுக்கு மெஷின் 12,000 ரூபாய்க்கு வாங்கியது, போர்டு மாற்ற 7,000 என்று வைத்துக்கொண்டால், "பன்னிரண்டாயிரம் போட்டாச்சே" என்று ஏழாயிரத்தையும் போடுகிறவர்கள்தான் அதிகம். போட்ட பணம் திரும்பாது, அது கேள்வியே இல்லை. அந்த 7,000-க்கு மோட்டார் வைத்த ஒரு பழைய நேர்தையல் மெஷின் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ஃப்ரீ மோஷன் மட்டும்தான் வேலை என்றால் அந்தப் பழைய மெஷினே தாராளமாகப் போதும். அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மெஷின் வாங்கியவர்கள் தனியாக எதுவும் வாங்காமல் அதிலேயே பழகலாம். ஒட்டுப்பூ வேலைக்கு விதவிதமான ஓரத்தையல், ஊசி கீழே இறங்கிய நிலையில் நிற்பது, நூலைத் தானே வெட்டுவது எல்லாம் வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர் மெஷின் லாபம்.

விற்கிறவர்களும் ஒன்று செய்யலாம். டார்னிங் ஃபுட்டையும் பல் மூடும் தகட்டையும் பொம்மைச் சாமான் மாதிரித் தூக்கி எறிந்துவிட்டு மெஷினை மட்டும் விற்பது, அச்சாணி இல்லாத வண்டியை விற்பது போலத்தான்.

வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே பஞ்சு வைத்த மூன்றடுக்குத் துண்டு ஒன்று, சொந்த நூல், புது ஊசி எடுத்துக்கொண்டு போவது நல்லது. விற்பவர் தரும் சாம்பிள் துணி எந்த மெஷினிலும் நன்றாகத்தான் ஓடும். அதற்கும் முன்னால், பிளக் சொருகும் இடத்துக்குப் பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைப் படிக்க வேண்டும். ஜப்பானில் வீட்டுக் கரன்ட் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம்முடையது 230. 100 வோல்ட்டுக்குச் செய்ததை நேராக நம் பிளக்கில் சொருகினால் ஐந்து மடங்குக்கு மேல் சூடு ஏறும், அன்றைக்கு நிஜமாகவே போர்டு போகும். தகட்டில் 100-240 என்று இருந்தால் பயமில்லை. 100 என்று மட்டும் இருந்தால் அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் மெஷின் விலையோடு சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.